கண்டன்சரும் மின்தேக்கியும் ஒண்ணுதான் கண்ணு

மஞ்சள் வேக்காடு நடந்துகிட்டு இருக்கு. அதனாலதான் ரெண்டு வாரமா இந்தப் பக்கம் ஒண்ணும் எழுத முடியல. முன்னெல்லாம் பெரிய கொப்பரையில தண்ணி ஊத்தி, மஞ்சளைக் கொட்டி, மேல சாக்கு போட்டு மூடி, அடியில தீ எரிப்போம். இப்போ ஸ்டீம் பாய்லர் வண்டி வாடகைக்கு வருது. டிராக்டர்ல இழுத்துட்டு வந்து களத்து ஓரமா நிறுத்தி, ஆவியைக் குழாய் வழியா டிரம்முக்குள்ள விட்டு, ஒரு நாள்ல முடிச்சுத் தந்துடறாங்க.

போன வாரம் பாய்லர்காரரோட அவர் பையனும் வந்திருந்தான். எட்டாவது படிக்கிறான். மறுநாள் ஸ்கூல்ல இங்கிலீஷ் வார்த்தைப் பரீட்சையாம். விறகுக் கட்டை மேல உட்கார்ந்து, நோட்டை மடியில வச்சுக்கிட்டு, "ஈ, வி, ஏ, பி, ஓ, ஆர்... எவாப்பரேஷன், எவாப்பரேஷன்னா ஆவியாதல்" என்று தலையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கிட்டு இருந்தான். அடுத்து கண்டென்சேஷன், ஆவி சுருங்குதல். அப்புறம் பிரஷர், அழுத்தம்.

"ஆவியாதல்னா என்ன சாமி?" என்று கேட்டேன். மறுபடியும் "ஈ, வி, ஏ..." என்று ஆரம்பிச்சான்.

"ஸ்பெல்லிங் கேக்கல. அது எங்க நடக்குதுன்னு கேட்டேன்."

கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "கடல்லீங்க" என்றான்.

எங்க ஊரிலிருந்து கடல் பாக்கணும்னா ராத்திரி பஸ் ஏறி விடியக்காலையில இறங்கணும். அந்தப் பையன் இதுவரைக்கும் கடலைப் பாத்ததே இல்லையாம். அவன் முதுகுக்குப் பின்னாடி பத்தடி தூரத்துல, அவங்க அப்பாவோட பாய்லர் புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி விட்டுக்கிட்டு நிக்குது. டிரம் மூடியைத் தூக்கினா உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நிக்குது. அதுதான் கண்டென்சேஷன். களத்துல வெந்த மஞ்சள் காயுது. அது எவாப்பரேஷன். பாய்லர் மேல வட்டமா கண்ணாடி போட்ட முள்ளு ஒண்ணு ஆடுது. அது பிரஷர். அந்த நோட்டுல இருந்த மூணு வார்த்தையும் அவனைச் சுத்தியே இருந்துச்சு. ஆனா அவன் புத்தகத்துப் படத்துல கடல்தான் போட்டிருந்துச்சு.

அவனைக் குறை சொல்ல இதை எழுதல. அவங்க வாத்தியாரையும் சொல்லல. நம்ம ஊர்ல இங்கிலீஷ் அறிவியல் வார்த்தைகளை எப்படிச் சொல்லித் தர்றோம்ங்கிறதைப் பத்தி எனக்கு ரொம்ப நாளா ஒரு வருத்தம் இருக்கு. இந்த வார்த்தைகள் கஷ்டமானவை இல்லை. அதோட பொருளைக் கையில தராம, எழுத்தை மட்டும் வாயில திணிக்கிறதுதான் கஷ்டமா மாத்துது. இதுக்கு எங்க வீட்டுலயே ஒரு பிள்ளை பலியாகப் பாத்துச்சு.

என் தம்பி மகள் பத்தாவது, பன்னிரண்டாவது ரெண்டும் அரசுப் பள்ளியில தமிழ் வழிதான். நல்ல மார்க். எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் கிடைச்சுது. குடும்பத்துல முதல் ஆளு எஞ்சினியரிங் போறான்னு கிடா வெட்டிச் சோறு போட்டான் என் தம்பி. காலேஜ் ஆரம்பிச்சு அஞ்சாறு வாரம் இருக்கும். ஆயுத பூஜை லீவுக்கு வந்தவ, பையைத் திண்ணையில வச்சுட்டு நேரா என்கிட்ட வந்தா.

"பெரியப்பா, நான் அங்க போகல. அப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

எதுக்குன்னு கேட்டா அழுகைதான் வருது. அப்புறம் மெதுவா சொன்னா. கிளாஸ்ல ஒண்ணும் புரியலையாம். வாத்தியார் கேள்வி கேட்டா, மத்த பிள்ளைங்க சொல்ற பதில் இவளுக்கும் தெரியுமோ என்னமோன்னு கூடத் தெரியலையாம். ஏன்னா, கேள்வியிலிருக்கிற வார்த்தையே புதுசு. கெப்பாசிட்டர், இண்டக்டர், டார்க், வெலாசிட்டின்னு ஒரு நிமிஷத்துல இருபது வார்த்தை விழுதாம். ஒரு தடவை எழுந்து நின்னு தமிழ்ல பதில் சொல்லியிருக்கா. வகுப்பே சிரிச்சிருக்கு. அதுக்கப்புறம் வாயைத் திறக்கறதில்லையாம்.

"எனக்குத் தலையில ஒண்ணும் இல்லை போலிருக்கு பெரியப்பா" என்றாள்.

இந்த வார்த்தை என்னை ரொம்ப நாள் தூங்க விடல. பன்னிரண்டு வருஷம் வகுப்புல முதல் ரெண்டு இடத்துல இருந்த பிள்ளை, அஞ்சு வாரத்துல தனக்கு மூளையே இல்லைன்னு முடிவு பண்ணிடுச்சு. காரணம் என்னன்னு எண்ணிப் பாத்தா ஒரு இருநூறு, முந்நூறு வார்த்தை. அவ்வளவுதான்.

மறுநாள் பூஜைக்காக மோட்டார் ரூமைக் கூட்டிக் கழுவணும். வா அம்மிணின்னு கூட்டிட்டுப் போனேன். போர் மோட்டாரோட பேனல் போர்டு மூடியைத் திறந்து காமிச்சேன். உள்ள உருளையா டப்பா மாதிரி ரெண்டு இருக்கும்.

"இது என்ன?"

"கண்டன்சர்ங்க பெரியப்பா. கரண்ட்டு இல்லாதப்பக்கூடத் தொட்டா அடிக்கும்."

"கரண்ட்டே இல்லாதப்ப எப்படி அடிக்கும்?"

"உள்ள புடிச்சு வச்சிருக்கும்ல."

"அப்படிப் புடிச்சு வைக்கிறதுக்கு உங்க புத்தகத்துல என்ன பேரு?"

கொஞ்சம் யோசிச்சா. "மின்தேக்கி" என்றாள். அடுத்த நொடி அவ முகம் மாறுச்சு. "ஐயோ, கெப்பாசிட்டர் இதானா?"

கண்டன்சர், மின்தேக்கி, கெப்பாசிட்டர். மூணும் அவளுக்குத் தெரியும். ஒண்ணு மோட்டார் ரூம்ல தெரியும், ஒண்ணு பன்னிரண்டாவது புத்தகத்துல தெரியும், ஒண்ணு காலேஜ்ல காதுல விழுந்துச்சு. மூணும் ஒரே பொருள்னு யாரும் அவளுக்குச் சொல்லித் தரல.

அன்னைக்குச் சாயங்காலம் ஒரு நாற்பது பக்க நோட்டுல மூணு கோடு போட்டோம். முதல்ல ஊர்ல சொல்றது, ரெண்டாவது தமிழ்ப் புத்தகத்துல இருக்கிறது, மூணாவது காலேஜ்ல சொல்றது. ஒயிண்டிங், சுருள், காயில். மும்முனை மின்சாரம், த்ரீ பேஸ். புட் வால்வை மூச்சு விடாமக் காக்கிறதுக்கு நாங்க தண்ணி ஊத்தறது பிரைமிங். நட்டை இறுக்கும்போது ஸ்பேனரோட கைப்பிடி நீளமா இருந்தா லேசா திரும்புதே, அது அவங்க புத்தகத்துல திருப்புவிசை, காலேஜ்ல டார்க். ராத்திரி பத்து மணிக்குள்ள அறுபது வார்த்தை ஆச்சு. பாதிக்கு மேல அவளுக்கு ஏற்கனவே தெரிஞ்ச விஷயம்.

இதுல எனக்கே தெரியாத ஒண்ணு பின்னாடி தெரிஞ்சுது. கெப்பாசிட்டரைக் கண்டன்சர்னு சொல்றது படிக்காதவங்க பேச்சுன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அப்படி இல்லைங்க. மின்கலம் செஞ்ச இத்தாலிக்காரர் வோல்ட்டா, 1782-லேயே மின்சாரத்தைச் சேத்து வைக்கிற கருவிக்கு வச்ச பேரே கண்டன்சர்தான். அடர்த்தியாக்கிறதுன்னு அர்த்தம். கெப்பாசிட்டர்ங்கிற பேரு பிற்பாடு புழக்கத்துக்கு வந்தது. எங்க ஊர் மோட்டார் மெக்கானிக் பழைய பேரை விடாம வச்சிருக்கார், அவ்வளவுதான். வோல்ட்டேஜ்னு தினம் பத்துத் தடவை சொல்றோமே, அதுவும் அவர் பேருதான்.

அதே கண்டன்சர்ங்கிற வார்த்தை நீராவி எஞ்சின்லயும் இருக்கு. ஜேம்ஸ் வாட் 1769-ல காப்புரிமை வாங்கினது, ஆவியைத் தனியா ஒரு அறையில குளிர வச்சு தண்ணியாக்குற கண்டன்சருக்குத்தான். பாய்லர்காரர் பையன் மனப்பாடம் பண்ணின கண்டென்சேஷனும் இதே குடும்பம். ஒரு வேர் தெரிஞ்சா மூணு காய் சேந்து கையில வருது.

எச்.பி. கதையும் அப்படித்தான். எஞ்சின் எவ்வளவு வேலை செய்யும்னு குதிரை வச்சு வேலை வாங்கினவங்களுக்குப் புரியணும்னு, குதிரைக் கணக்குல சொன்னவர் ஜேம்ஸ் வாட். எங்க தாத்தா காலத்துல கிணத்துக்கு முதல் முதலா மோட்டார் வந்தப்ப, "இது எத்தனை சோடி மாட்டுக் கவலைக்குச் சமம்?" என்றுதான் கேப்பாராம். ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் யோசிச்சிருக்காங்க. ஒரு எச்.பி. என்பது 746 வாட். அஞ்சு எச்.பி. மோட்டார் பட்டயத்துல 3.7 கிலோவாட்னு போட்டிருக்கிறது இந்தக் கணக்குலதான். தாத்தாவோட கேள்வியைப் பள்ளிக்கூடத்துல யாராவது சொல்லியிருந்தா, பவர்ங்கிற பாடம் எனக்கு பத்தாவதுலேயே புரிஞ்சிருக்கும்.

இதெல்லாம் தெரிஞ்சா என்ன, தெரியலைன்னா என்ன, விவசாயம் பாக்கிறவனுக்கு எதுக்குன்னு சில பேர் கேப்பீங்க. எனக்கு எதுக்குன்னு சொல்றேன்.

பல வருஷம் முன்னாடி மக்காச்சோளத்துல களை அதிகமா இருக்குன்னு 2,4-டி களைக்கொல்லி அடிச்சேன். சோளத்துக்கு ஒண்ணும் ஆகல, களை செத்துச்சு. நாலு நாள் கழிச்சு அதே டேங்க்கை ஒரு தடவை மட்டும் தண்ணி விட்டுக் கலக்கி ஊத்திட்டு, பருத்திக்குப் பூச்சி மருந்து அடிச்சேன். பத்து நாள்ல பருத்தி இலையெல்லாம் வெரல் வெரலா நீண்டு, வெண்டைக்காய் இலை மாதிரி சுருண்டு போச்சு. முக்கால் ஏக்கர். அந்த வருஷம் அந்தக் காட்டுல ஒரு மூட்டை பஞ்சுகூட எடுக்கல.

டப்பா மேல செலக்டிவ் ஹெர்பிசைடுன்னு பெரிசா எழுதியிருந்துச்சு. நான் படிச்சேன். எழுத்துக் கூட்டிப் படிச்சேன், அர்த்தம் தெரியாமப் படிச்சேன். செலக்டிவ்னா ஆளைப் பாத்துக் கொல்றது. புல் வகையை விட்டுட்டு அகன்ற இலைச் செடியைக் கொல்லும். சோளம் புல் வகை, தப்பிச்சுது. பருத்தி அகன்ற இலை. அதுவும் இந்த மருந்துக்கு ரொம்பப் பயப்படற செடி பருத்தி. டேங்க்ல ஒட்டியிருந்த கொஞ்சமே போதும். அந்த ஒரு வார்த்தைக்கு நான் கொடுத்த விலை முக்கால் ஏக்கர். இப்போ களைக்கொல்லிக்குன்னு தனி டேங்க் வச்சிருக்கேன்.

சைடுங்கிற வால் லத்தீன் மொழியில கொல்றதுங்கிற வார்த்தையிலிருந்து வந்தது. இன்செக்ட் பூச்சி, ஃபங்கஸ் பூஞ்சாணம், ஹெர்ப் செடி. முன்னாடி எது இருக்குதோ அதைக் கொல்லும். இந்த ஒரு வாலைச் சொல்லிக் கொடுத்தா, மருந்துக்கடை அலமாரியில பாதி டப்பாவைப் படிச்சிடலாம். எங்க ஊர்ல பல பேர் எல்லாத்தையும் "மருந்து"ன்னு ஒரே பேர்லதான் சொல்றோம். காய்ச்சலுக்குக் கொடுக்கிறதும் மருந்து, பூச்சியைக் கொல்றதும் மருந்து. அந்தப் பேச்சே நம்மை ஏமாத்துது.

இன்னொண்ணு. மருந்தடிக்கப் போன ஒரு ஆள் காட்டுலேயே மயங்கி விழுந்துட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். டாக்டர் முதல்ல கேட்டது, என்ன மருந்துன்னு. எங்களுக்குத் தெரிஞ்சது, "பச்சை மூடி டப்பாங்க" என்பதுதான். அப்புறம் ஒருத்தர் வண்டியில போய் டப்பாவை எடுத்துட்டு வந்தார். அதுல ஆன்டிடோட்னு போட்டு, அட்ரோபின்னு எழுதியிருந்துச்சு. ஆன்டிடோட்னா எதிரா கொடுக்கிறது. நம்ம விஷமுறிவுதான். நல்ல வேளை, ஆள் பிழைச்சுக்கிட்டார். இப்பவும் சொல்றேன், யாருக்காவது இப்படி ஆச்சுன்னா டப்பாவையும் சேத்துக் கொண்டு போங்க. டப்பா மேல இருக்கிற முக்கோணத்தையும் பழகிக்குங்க. சிவப்பு ரொம்பக் கொடியது, அடுத்து மஞ்சள், அடுத்து நீலம், கடைசியில பச்சை. பச்சைன்னா குடிக்கலாம்னு அர்த்தம் இல்லை.

இவ்வளவும் சொன்னா, "அப்போ எல்லாப் பிள்ளைகளையும் ஒண்ணாவதிலிருந்து இங்கிலீஷ் மீடியத்துல போட்டுட வேண்டியதுதானே?" என்று கேக்கறவங்க இருக்காங்க. எங்க ஊர்லயே வேன் ஏறி இருபது கிலோமீட்டர் போற பிள்ளைகள் இருக்கு. லீவு நாள்ல நம்ம தோட்டத்துக்கு வரும். போட்டோசிந்தசிஸ்னா என்னன்னு கேட்டா நாலு வரி இங்கிலீஷ்ல கடகடன்னு ஒப்பிக்கும். "அப்போ நிழல்ல இருக்கிற மஞ்சளுக்கும் வெயில்ல இருக்கிற மஞ்சளுக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்டா முழிக்கும். பாய்லர்காரர் பையனுக்குக் கடல். இந்தப் பிள்ளைகளுக்கு நாலு வரி. ரெண்டும் ஒண்ணுதான்.

தமிழ்ச் சொல் இந்த இடத்துலதான் கை கொடுக்குது. ஒளிச்சேர்க்கைன்னு சொன்னா, வெளிச்சத்தை வச்சு எதையோ சேக்குதுன்னு ஏழு வயசுப் பிள்ளைக்கும் கொஞ்சம் பிடிபடும். போட்டோசிந்தசிஸும் அதையேதான் சொல்லுது. ஆனா அது கிரேக்கத்துல சொல்லுது. மின்தேக்கின்னா மின்சாரத்தைத் தேக்கி வைக்கிறது. பவானிசாகர் தண்ணியைத் தேக்குதே, அது மாதிரி. மையவிலக்குன்னா நடுவிலிருந்து விலகி ஓடறது. மோனோபிளாக் மோட்டாருக்குள்ள தண்ணி அப்படித்தான் ஓடுது. தமிழ்ச் சொல்லைப் பிடிச்சுக்கிட்டு இங்கிலீஷ் சொல்லுக்குப் போனா வழுக்காது. தமிழை எடுத்துட்டு இங்கிலீஷை வச்சா, பிடிச்சுக்க ஒண்ணும் இருக்காது.

தமிழ்ல அறிவியல் முடியாதுன்னு சொல்றவங்களுக்கு ஒரு பழைய கதை இருக்கு. அமெரிக்காவிலிருந்து 1847-ல யாழ்ப்பாணத்துக்கு வந்த சாமுவேல் கிரீன் என்ற டாக்டர், மானிப்பாயில இருந்துகிட்டு மருத்துவப் புத்தகங்களைத் தமிழ்ல கொண்டு வந்தார். 1864-லிருந்து மேற்கத்திய மருத்துவத்தையே தமிழ்ல சொல்லிக் கொடுத்தார். வெள்ளைக்காரர் ஒருத்தர் தமிழ்ல உடற்கூறு பாடம் நடத்தினார்னா, நமக்கு என்ன தயக்கம்? நம்ம அண்ணா பல்கலைக்கழகமும் 2010-ல சிவில், மெக்கானிக்கல் ரெண்டையும் தமிழ் வழியில ஆரம்பிச்சுது.

ஆனா தமிழ் மட்டும் போதும்னும் நான் சொல்ல மாட்டேன். அதுக்கும் மஞ்சளே சாட்சி.

1995-ல அமெரிக்காவுல ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, புண் ஆற மஞ்சளைப் பயன்படுத்தறதுக்கே காப்புரிமை கொடுத்துட்டாங்க. எங்க பாட்டி கேட்டிருந்தா சிரிச்சே செத்துப் போயிருக்கும். நம்ம நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம், சி.எஸ்.ஐ.ஆர்., போய் வழக்காடுச்சு. "எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்" என்று சொன்னா அங்க எடுபடாது. பழைய சமஸ்கிருத நூல்ல இருக்கு, 1953-ல இந்திய மருத்துவ சங்க இதழ்ல வந்திருக்குன்னு எழுத்துல காட்டினாங்க. 1997-ல அந்தக் காப்புரிமை ரத்தாச்சு.

அந்த வழக்கு முழுக்க ரெண்டு மூணு வார்த்தை மேலதான் நின்னுச்சு. இன்வென்ஷன், நாவல்ட்டி, பிரையர் ஆர்ட். இன்வென்ஷன்னா புதுசா உண்டாக்கினது, டிஸ்கவரின்னா இருந்ததை மூடி எடுத்துப் பாத்தது. தமிழ்ல ரெண்டுக்கும் கண்டுபிடிப்புன்னே சொல்லிடறோம். நாவல்ட்டின்னா இதுக்கு முன்னாடி இல்லாத புதுமை. பிரையர் ஆர்ட்னா ஓவியம் இல்லை, முன்னாடியே தெரிஞ்சிருந்த தொழில்நுட்பம். இந்த வார்த்தைகள் தெரிஞ்ச நம்ம ஆட்கள் இருந்ததாலதான் பாட்டி வைத்தியம் பாட்டிகிட்டயே இருந்துச்சு. ஈரோட்டு மண்டியில மஞ்சள் விக்கிறவனுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல. வயல் நம்மளது, பயிர் நம்மளது. ஆனா பத்திரம் எழுதற மொழி தெரியலைன்னா என்ன ஆகும்னு விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கு. இங்கிலீஷ் அறிவியல் சொல் எல்லாம் வேத்து மனுசங்க சொல்லும் இல்லை. மாணிக்கக்கல், நீலக்கல் ரெண்டும் ஒரே கனிமம். அதுக்கு உலகம் முழுக்கப் பேரு கொரண்டம். அது நம்ம குருந்தம்ங்கிற சொல்லிலிருந்து போனது. எங்க ஊருக்குப் பக்கத்துல, காங்கேயம் சிவன்மலைப் பக்கம் இந்தக் கல் கிடைக்கும். ஆடு மேய்க்கிற பையன் காலால எத்திவிட்டுப் போற கல்லோட பேரு புவியியல் புத்தகத்துல இருக்கு. அவன்கிட்ட யாராவது சொன்னாத்தானே தெரியும்.

சரி, என்ன செய்யலாம்ங்கிறீங்க? எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

பள்ளிக்கூடத்துல வார்த்தைப் பரீட்சை வைக்கட்டும், வேண்டாம்னு சொல்லல. ஆனா ஸ்பெல்லிங்கோட கூட, "இதை உன் வீட்டுலயோ காட்டுலயோ எங்க பாத்தே?" என்று ஒரு கேள்வி சேத்து வைக்கட்டும். அந்தக் கேள்விக்கு மார்க் போடட்டும். ஒரு மோட்டார் ரூம், ஒரு பால் சொசைட்டி, ஒரு சைக்கிள் கடை, மூணு இடத்துக்குக் கூட்டிட்டுப் போனா ஒரு வருஷப் பாடத்துக்கான வார்த்தை அங்கேயே கிடக்குது.

காலேஜ்காரங்களுக்கு: அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் மருத்துவத்துல 2020-லும் எஞ்சினியரிங்ல அடுத்த வருஷமும் வந்துச்சு. நல்ல விஷயம். எங்க ஊர்ப் பிள்ளைகள் வாசலைத் தாண்டி உள்ள வந்துட்டாங்க. உள்ள வந்த பிள்ளைக்கு முதல் ரெண்டு வாரம், பாடத்தை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, அந்தத் துறையோட முந்நூறு வார்த்தையைத் தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வச்சு, பொருளைக் கையில கொடுத்துச் சொல்லிக் கொடுங்க. இதுக்கு ஒரு ரூபா செலவு கிடையாது.

கடைசியா, டவுன்ல இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கு. உங்கள்ல பல பேர் இஞ்சினியரா, நர்ஸா, பேங்க்ல, கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கீங்க. எழுதின கடுதாசியிலிருந்து தெரியும். ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்குச் சாக்லேட் வாங்கிட்டு வர்றீங்க, சந்தோஷம். கூடவே அரை மணி நேரம் உட்கார்ந்து, உங்க தொழில்ல தினம் புழங்கற பத்து வார்த்தையை, அது என்ன வேலை செய்யுதுங்கிறதோட சொல்லிட்டுப் போங்க. இன்னொரு உதவியும் இருக்கு. எங்க பிள்ளை தப்பா உச்சரிச்சா சிரிக்காதீங்க. நாங்க கிளட்ச்சைக் கிளச்சுன்னும், சப்மெர்சிபிளைச் சம்மர்சிபிள்னும்தான் சொல்வோம். ஆனா அதைக் கழட்டி மாட்டத் தெரியும். அந்த வகுப்புல அன்னைக்குச் சிரிச்ச பிள்ளைகள் எல்லாம் கெட்ட பிள்ளைகள் இல்லை. சிரிச்சா என்ன ஆகும்னு அவங்களுக்கு யாரும் சொல்லல. ஒரு பிள்ளை பையைத் தூக்கிக்கிட்டு ஊருக்கு வந்துடும். அதுதான் ஆகும்.

தம்பி மகள் திரும்பிப் போனா. முதல் செமஸ்டர்ல ரெண்டு பேப்பர் போச்சு. அடுத்ததுல அதையும் சேத்து எழுதிப் பாஸ் பண்ணிட்டா. இப்போ மூணாவது வருஷம். அந்த நாற்பது பக்க நோட்டு நிறைஞ்சு, இப்போ நாலாவது நோட்டாம். அவ ஹாஸ்டல்ல தமிழ் வழியில வந்த ஜூனியர் பிள்ளைகள் அதை வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கிறாங்களாம். பொங்கலுக்கு வந்தப்ப, பேனல் போர்டுல நான் மாத்திப் போட்டிருந்த கண்டன்சரைப் பாத்துட்டு, "பெரியப்பா, இது மைக்ரோஃபாரட் குறைவுங்க, மோட்டார் சூடாகும்" என்றாள். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவரும் அதையேதான் சொன்னார்.

பாய்லர்காரர் பையன் மறுநாள் சாயங்காலமும் வந்தான். பரீட்சையில பத்துக்கு எட்டாம். நான் அதைக் கேக்கல, அவனாகவே சொன்னான். கொஞ்ச நேரம் பாய்லர் பக்கமே நின்னு முள்ளைப் பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் என்கிட்ட வந்து, "ஏனுங்க, இதுல பிரஷர் ரொம்ப ஏறினா தானா ஆவி வெளிய போகுதே, அந்தக் குமிழுக்கு என்னங்க பேரு?" என்று கேட்டான்.

சேஃப்டி வால்வுன்னு சொன்னேன். நோட்டுல எழுதிக்கிட்டான். ஸ்பெல்லிங் நான் சொல்லல. அதை அவன் பாத்துக்குவான்.

நாளைக்கு மிச்ச மஞ்சளையும் வேகவச்சு முடிச்சாகணும். வேலை ஒழிஞ்சதும் வர்றேன்.